செஞ்சிக் காய்ச்சல்

செஞ்சிக்கு வருபவர்களுக்குச் சொல்லக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. 1677-ல் சிவாஜி பிடித்தது, சுல்பிகர் கான் ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டும் ராஜாராம் தாக்குப்பிடித்தது, 1714-ல் தேசிங்கு ராஜன் விழுந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் புதுக்கதையாகச் சேர்ந்துவிட்டது. யாரும் சொல்லாத கதை ஒன்று உண்டு: காய்ச்சல்.

1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் இந்தக் கோட்டையைப் பிடித்தார். 1761-ல் ஆங்கிலேயரிடம் பறிகொடுக்கும்வரை காவல் நின்ற பிரெஞ்சுப் படையில் 1,200 ஐரோப்பியச் சிப்பாய்கள் மாண்டார்கள் என்று பழைய கெஜட்டியர்கள் எழுதுகின்றன. கர்நாடகப் பகுதியிலேயே உடம்புக்கு ஆகாத இடம் என்று செஞ்சிக்குப் பெயர். கோட்டையின் ராஜகிரி மலையடிவாரத்தில் குண்டடி எதுவும் படாமல், காய்ச்சலில் உடம்பு உருக்குலைந்து வீடு திரும்பியவனுக்கு யார் பொறுப்பு? சண்டையில் கால் போயிருந்தால் காட்டலாம். காய்ச்சலை எப்படிக் காட்டுவது? இன்று ‘டிஸபிலிட்டி பென்ஷன்’ என்று முன்னாள் படைவீரர்கள் சொல்லும் ஊன ஓய்வூதியத்தின் வரலாறு முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

செத்தவனுக்கு நம் ஊரில் வழி இருந்தது. செஞ்சிக்கு மேற்கே செங்கம் பக்கம் பல்லவர் காலத்து நடுகற்கள் நிறைய நிற்கின்றன. போரில் விழுந்தவன் குடும்பத்துக்கு நிலம் விட்டதைக் கல்வெட்டுகள் உதிரப்பட்டி என்கின்றன. கால் போய்ப் பிழைத்தவனுக்கு நட ஏது கல்?

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கதை வேடிக்கையாகிறது. வங்காள நவாப் மீர் ஜாபர் சாகும்போது கிளைவுக்கு 5 லட்சம் ரூபாய் எழுதி வைத்தார். அதை வாங்குவது சரியா என்று கேள்வி எழ, கிளைவ் அந்தப் பணத்தை ஊனமுற்ற சிப்பாய்களுக்கும் விதவைகளுக்கும் நிதியாக்கினார். 1770-ல் பத்திரம் எழுதப்பட்டது. உதவி ஐரோப்பியருக்கு. கருப்புச் சிப்பாய்க்கு அதில் பங்கில்லை, பணம் என்னவோ வங்காளத்துப் பணம். கம்பெனிக்குச் சொந்தப் படை இல்லாமல் போனால் தொகை கிளைவ் குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு ஷரத்து இருந்தது. 1858-ல் கம்பெனி ஆட்சி போனதும் வாரிசுகள் வழக்காடி வென்றார்கள். தருமம் வட்டம் சுற்றி வீட்டுக்கே வந்து சேர்ந்தது! வங்காளப் படையின் சுதேசிச் சிப்பாய்களுக்கு வேறு ஏற்பாடு: உடம்பு முடியாமல் போனவர்களுக்கு பாகல்பூர்ப் பக்கம் தரிசு நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள்.

கருணை கணக்காக மாறியது முதல் உலகப் போரில். பிரிட்டனில் 1917-ல் வந்த அரச ஆணை உடம்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்து விலை போட்டது. இரண்டு கை கால் போனால் 100 சதவீதம். ஏதாவதொரு கையில் இரண்டு விரல் போனால் 20. அதற்குக் கீழே மாதப் பென்ஷன் கிடையாது, ஒருமுறைத் தொகைதான். நோய் என்றால் அது படைப்பணியால் வந்ததா, பணியால் முற்றியதா என்று பார்க்க வேண்டும். இந்தியச் சிப்பாய்க்கு விதி வேறு, தொகையும் வேறு. ஆனாலும் அந்த 20-ம் அந்தக் கேள்வியும் கடல் கடந்து வந்து, நம் ராணுவத்தின் 1961-ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளில் 173-ஆம் விதியாக உட்கார்ந்துகொண்டன.

நிரூபிப்பது யார் வேலை? சேரும்போது திடமாக இருந்தவன் நோயாளியாக வெளியே வந்தால் காரணம் பணி என்றே கொள்ள வேண்டும், மறுப்பது அரசின் பாடு என்ற நிலைக்கு பிரிட்டன் 1943-ல் வந்தது. நம் 1982-ஆம் ஆண்டு விதிகளும் அதையே சொன்னன. நடைமுறையில் மெடிக்கல் போர்டு படிவத்தில் இரண்டு கட்டங்கள்: பணியால் வந்ததா, பணியால் மோசமானதா. இரண்டிலும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் முடிந்தது. அந்த இரட்டை ‘இல்லை’க்குப் படைவீரர்களிடையே ‘நானா’ என்றே பெயர். பிறவி உடல்வாகு என்று ஒரு வரி காரணம். அதற்கு விளக்கம் இருக்காது.

1985-ல் சிக்னல் பிரிவில் சேர்ந்து, வலிப்பு நோயால் 1994-ல் அனுப்பப்பட்ட ஒரு ஜவானுக்கு அப்படித்தான் எழுதினார்கள். ஊனம் சரியாக 20 சதவீதம். அவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். சேரும்போது எடுத்த மருத்துவக் குறிப்பில் நோய் பதிவாகவில்லை, பிறகு காரணம் சொல்லாமல் மறுக்கக் கூடாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. என் கணக்கில் ஊன ஓய்வூதியம் உரிமையாகப் பிறந்த நாள் அதுதான்.

அடுத்த ஆண்டு இன்னொரு தீர்ப்பு. 50-க்குக் குறைவான ஊனத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் சலுகை, இடையில் அனுப்பப்பட்டவர்களோடு பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்றது. 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது விதி. 40,000 ரூபாய் வாங்கியவருக்கு 20 சதவீத ஊனத்துக்கு 2,400 வரும்; 50 ஆக உயர்ந்தால் 6,000.

2023 செப்டம்பர் 21 முதல் விதிகள் மறுபடி மாறின. பணிக்காலம் முடித்து ஊனத்தோடு வருபவருக்குக் கிடைப்பதன் பெயரே இப்போது ‘இம்பேர்மென்ட் ரிலீஃப்’. பென்ஷன் என்ற சொல்லை எடுத்துவிட்டு நிவாரணம் என்று வைத்தது எனக்கு உவப்பாயில்லை.

செஞ்சி வட்டாரத்தில் ‘நானா’ முத்திரையோடு பழைய கடிதத்தை டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாள், வெளியேறியபோது மெடிக்கல் போர்டு எழுதிய தாள், இரண்டின் நகலையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விழுப்புரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. முதலில் அங்கே மேல்முறையீட்டுக்கு வழி கேளுங்கள். அதிலும் மறுத்தால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது.