ஒரு பாட்டு, பல குரல்கள்

சென்ற வாரம் ஒரு மாலை முழுவதும் ஒரே பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்'. நம் வயதுக்காரர்கள் பலருக்கும் இது 'அனிமல்ஸ்' குழுவின் பாட்டு. உண்மையில் அவர்கள் கடைசியில் வந்தவர்கள்.

1937-ல் ஆலன் லோமாக்ஸ் என்ற நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதிக்குப் போனார். அங்கே ஜார்ஜியா டர்னர் என்ற 16 வயதுப் பெண் இதைப் பாடினாள். பக்கவாத்தியம் கிடையாது, வெறும் குரல்தான். நியூ ஆர்லியன்ஸில் வாழ்க்கையைத் தொலைத்த ஒரு பெண்ணின் புலம்பலாக அது ஒலித்தது.

அந்தப் பதிவிலிருந்து ஹாலி வுட் என்ற பாடகி கற்றார். அவர் பாடியதைக் கேட்டு டேவ் வான் ராங்க் கற்று, கிதாரில் புது ஸ்வரக்கட்டு அமைத்தார். அதை அப்படியே எடுத்து பாப் டிலன் 1961-ல் பதிவு செய்துவிட்டார். பிறகு, டிலனைக் காப்பியடிக்கிறாய் என்று மற்றவர்கள் சொல்லவே, வான் ராங்க் தன் பாட்டையே பாடாமல் விட்டாராம்! டிலன் ஆணாக இருந்தும் பெண்ணின் கதையாகவே பாடினார். ஒரு கிதார்தான் துணை.

1964 மே மாதம் லண்டனில் அனிமல்ஸ் அதை ஒரே டேக்கில் பதிவு செய்தார்கள். ஹில்டன் வாலன்டைனின் மின்கிதார், ஆலன் பிரைஸின் ஆர்கன், எரிக் பர்டனின் கரகரத்த குரல். புலம்பிய பெண் இங்கே ஓர் இளைஞன் ஆகிவிட்டான். சோகம் ஆவேசமானது. மூன்று நிமிடப் பாட்டுகளே வழக்கமாயிருந்த காலத்தில் நாலரை நிமிடம் ஓடிய இது, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது.

இசைத்தட்டில் அமைப்பாளர் என்று அச்சானது ஆலன் பிரைஸ் பெயர் மட்டும். ராயல்டி அவருக்கே போனது. மற்ற நால்வருக்கும் அந்த மனத்தாங்கல் கடைசிவரை தீரவில்லை.

யாரும் எழுதாத பாட்டுக்கு யார் சொந்தக்காரர்? சட்டம் ஒரு பதில் சொல்லும். ஜார்ஜியா டர்னர் 1969-ல், ஐம்பது வயதுகூட ஆகுமுன் காலமானார். உலகமே பாடிய பாட்டு. அவருக்குக் கிடைத்ததோ சொற்பம்.

மூன்றையும் கேட்டுப் பாருங்கள். அனிமல்ஸ் பாடியது ரத்தத்தைச் சூடேற்றும். டிலன் பாடியது யோசிக்க வைக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டபின் எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.