அனோபிலிஸ் குலிசிபேசிஸ் 'இ' இனம்

ராமநாதபுரம் மாவட்டம் ராமேசுவரம் தீவில் பிடிக்கப்பட்ட கொசுக்களிலிருந்து அடையாளம் காணப்பட்ட, மலேரியாவைப் பரப்பும் கொசு இனம். அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்று ஒரே பெயரில் வழங்கிவந்த கொசு உண்மையில் ஐந்து உடன்பிறப்பு இனங்களின் கூட்டம். அவற்றுள் கடைசியாகத் தெரியவந்தது இது. ஐ. கர், சரளா கே. சுப்பாராவ், அலெக்ஸ் ஈப்பன், வி. பி. சர்மா உள்ளிட்ட மலேரியா ஆராய்ச்சி மையத்தினர் (பின்னாளில் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனம்) 1999இல் 'ஜர்னல் ஆஃப் மெடிக்கல் என்டமாலஜி' இதழில் இதை அறிவித்தனர்.

குலிசிபேசிஸை 1901இல் முதலில் விவரித்தவர் ஜைல்ஸ். இந்தியக் கிராமப்புற மலேரியாவில் பெரும்பங்கு இந்தக் கொசுவுக்கே உரியது. ஆனாலும் சில வட்டாரங்களில் கொசு மிகுந்திருந்தும் காய்ச்சல் குறைவாகவே இருந்தது. ஏன் என்பதற்கு 1980இல்தான் விடை கிடைக்கத் தொடங்கியது. கிரீன், மைல்ஸ் இருவரும் குரோமோசோம் அமைப்பைக் கொண்டு இதை 'ஏ', 'பி' என இரண்டு இனங்களாகப் பிரித்தனர். சரளா சுப்பாராவ் குழுவினர் 1983இல் 'சி' இனத்தைச் சேர்த்தனர். பின்னர் 'டி' வந்தது. இறகு, கால், உணர்கொம்பு என எதை வைத்தும் இவற்றைப் பிரித்தறிய முடியாது. பழக்கத்தில்தான் வேறுபாடு. 'பி' இனம் பெரும்பாலும் மாட்டின் ரத்தத்தையே குடிக்கும்; மலேரியா ஒட்டுண்ணி அதன் உடலில் எளிதில் வளர்வதுமில்லை. எனவே 'பி' மட்டும் உள்ள இடத்தில் மலேரியா பரவுவது அரிது என்பது பொதுவிதியாயிற்று.

அந்த விதி ராமேசுவரத்தில் பொருந்தவில்லை. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த சபேசன், ஜம்புலிங்கம் முதலியோர் இத்தீவுக் குலிசிபேசிஸின் இயற்கைத் தொற்று, கடிக்கும் பழக்கம் ஆகியவற்றை ஆராய்ந்து 1984லேயே கட்டுரைகள் வெளியிட்டிருந்தனர். நோயைப் பரப்புவது இந்தக் கொசுதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் குரோமோசோமைப் பார்த்தால் மிகுதியும் 'பி' என்றே காட்டியது.

முடிச்சு அவிழ்ந்தது ஆண் கொசுவின் ஒய் குரோமோசோமில். குலிசிபேசிஸ் இனங்களைப் பிரிப்பதற்கான வழக்கமான முறை, அரைச்சினைப் பெண் கொசுவின் சூலகத்திலுள்ள பெருங் குரோமோசோம்களின் வரிகளைப் படிப்பது. 'பி', 'இ' இரண்டிலும் அந்த வரிகள் ஒன்றே. பெண் கொசுவிடம் ஒய் குரோமோசோமும் இல்லை. ஆகவே பிடித்த ஒவ்வொரு பெண் கொசுவையும் தனித்தனிக் குப்பியில் முட்டையிட வைத்து, முட்டைகளைப் புழுக்களாக வளர்த்து, ஆண் புழுவின் மூளைத் திசுவைச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தாய்க் கொசுவின் வயிற்றில் உள்ளது மனித ரத்தமா மாட்டு ரத்தமா என்பதையும், உமிழ்நீர்ச் சுரப்பியில் ஸ்போரோசோயிட்டுகள் (தொற்றும் நிலையிலுள்ள மலேரியா ஒட்டுண்ணிகள்) உண்டா என்பதையும் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். மகன்களின் ஒய் குரோமோசோமில் ஒரு கரம் மட்டுமே தெரிந்தால் தாய் 'பி'. அத்தகைய தாய்க் கொசுக்கள் மாட்டையே நாடியிருந்தன. இரண்டு கரங்கள் தெரிந்த குடும்பங்களின் தாய்க் கொசுக்கள் மனிதரை நாடியிருந்தன. ஸ்போரோசோயிட்டுகளும் அவற்றில்தான் இருந்தன. தாயின் குற்றத்தை மகனின் உடலில் படித்த இந்தப் பொறுமை, இந்தியப் பூச்சியியலின் மிகச் சிறந்த சாதனைகளுள் வைத்துப் போற்றத்தக்கது. 2006இல் ஐந்து இனங்களையும் பிசிஆர் முறையில் பிரித்தறியும் சோதனை வந்தபின் வேலை எளிதாயிற்று.

இந்தப் பிரிப்பு கட்டுப்பாட்டு வேலையின் அடிப்படையையே மாற்றக்கூடியது. விடியற்காலையில் மாட்டுத் தொழுவத்தில் டார்ச் விளக்கும் உறிஞ்சு குழலுமாக, ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை கொசு பிடிக்கிறார் என்பதே நெடுங்காலமாகக் கணக்கு. தீவில் அப்படி எடுத்த எண்ணிக்கையில் பெரும்பகுதி தீங்கற்ற 'பி' ஆக இருக்கலாம். ஆபத்தானது குடிசைக்குள் இருக்கும். மாடு கட்டினால் கொசு அங்கே போய்விடும் என்ற நம்பிக்கையும் 'இ' இனத்திடம் செல்லாது. குலிசிபேசிஸ் வெயில் படும் தெளிந்த நீரில் முட்டையிடுவது. மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் இக்கரையில் ஊத்துகள், தென்னைக்கும் சவுக்குக்கும் நீர் எடுக்கும் குழிகள், மூடாத கிணறுகள் எல்லாம் அதற்கு ஏற்றவை. மக்கள் குடிக்கும் நீரும் அதுவே என்பதால் கண்டபடி மருந்து ஊற்ற முடியாது. கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடுவதும், பயன்படாத குழிகளைத் தூர்ப்பதும், கொசுவலையும் இங்கே முக்கியமாவது இதனால்தான். வெக்கை நாட்களில் வீட்டுக்கு வெளியே மணலில் படுப்போரைச் சுவரில் அடித்த மருந்து காக்காது. விவாக்ஸ் மலேரியா கல்லீரலில் ஒளிந்திருந்து மீண்டும் வருவது. எனவே ப்ரைமாகுயின் மாத்திரையை 14 நாளும் விடாமல் விழுங்க வேண்டும். வேறு கரைகளில் தங்கித் தொழில் செய்து திரும்பும் மீனவர்களுக்கு இதைத் தொடர்ந்து கொடுத்து முடிப்பது சுகாதாரப் பணியாளர்களுக்குக் கடினமான வேலை.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். 1934–35இல் ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்ட இலங்கைக் கொள்ளைநோய்க்குக் காரணமான கொசு குலிசிபேசிஸ். அங்கும் 'பி' மட்டுமே இருப்பதாகக் கருதப்பட்டது. சி. நோபல் சுரேந்திரன், ரஞ்சன் ராமசாமி முதலியோர் 2000இல் ஒய் குரோமோசோம் சான்றுடன் அங்கும் 'இ' உண்டெனக் காட்டினர். பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சுரேந்திரன், இக்கொசுக்கள் உவர்நீருக்கு எவ்வளவு பழகுகின்றன என்பதை ஆராயும் பணியில் முக்கியப் பங்காற்றினார். குலிசிபேசிஸ் உவர்நீரிலும் வளர்வதாக 2010இலும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்களும் கடலோர உவர்நீரில் வளர்வதாக 2011இலும் அவர் பங்கேற்ற ஆய்வுகள் தெரிவித்தன. நல்ல தண்ணீரை மட்டும் பார்த்து மருந்திடும் நடைமுறையை இந்த முடிவுகள் கேள்விக்குள்ளாக்குகின்றன. பாம்பன், மண்டபம், தொண்டி போன்ற ஊர்களிலும் இவற்றைக் கணக்கில் எடுத்துத் தேட வேண்டியது அவசியம்.

இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னார் தீவில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி தென்பட்டது. சென்னையின் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளர்ந்து மலேரியாவைப் பரப்பும் நகரக் கொசு அது. இலங்கையில் அதுவரை பதிவாகாதது. ஸ்டீபன்சி, 'இ' இனம் ஒழிந்த பிறகு வந்ததல்ல. அதனுடன் சேர்த்துக் கண்காணிக்க வேண்டிய இரண்டாவது கடத்தியாக வந்தது.