உவர்ச் சதுப்பு வெற்றிடமல்ல: பிச்சாவரம், முத்துப்பேட்டை அனுபவங்களை முன்வைத்து

ஏரி என்றால் அதற்கு ஆயக்கட்டு உண்டு, மடை உண்டு, முறைப்பாசனம் உண்டு. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் போன்ற உள்நாட்டு ஊர்களில் ஏரி சீரழிந்த பிறகும் அது யாருக்குரியது என்ற நினைவு முற்றாக அழிவதில்லை. கடலோர உவர்ச் சதுப்புக்கோ அப்படியொரு கணக்கு எழவே இல்லை. உழ முடியாது, குடிக்க நீரில்லை, காடென்று சொல்ல மரமில்லை. ஆகவே பல இடங்களில் அது தரிசாகவும் புறம்போக்காகவும் மட்டுமே பதிவாயிற்று. ஆளற்ற நிலம் என்ற இந்தப் பார்வைதான் சதுப்பை உப்பளத்துக்கும் இறால் பண்ணைக்கும் எளிதாக விட்டுக்கொடுத்தது. இன்று அதை நிரப்பத் துடிக்கும் மரம் நடும் ஆர்வமும் அதே பார்வையின் பிள்ளை என்பது இக்கட்டுரையின் வாதம்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரம் இங்கே முதன்மைச் சான்று. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை அங்கே அலையாத்தி மரங்களைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போனதும் வெயிலில் மண்ணின் ஈரம் வற்றியது; தரை அமுங்கிக் குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் திரும்ப வழியின்றித் தேங்கி, காய்ந்து, உப்பை மட்டும் விட்டுச்சென்றது. சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. இக்குழிகளில் அது பன்மடங்கு ஏறியது. கண்டல் நாற்றுகள் கருகின, உப்பைத் தாங்கும் உமரிச் செடி மட்டும் தாக்குப்பிடித்தது. இந்த அழிவுக்கு மாடும் விறகுவெட்டியும் காரணமென்று வெகுகாலம் பழி சொல்லப்பட்டது. நீரோட்டமே காரணமென்று 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு காட்டியது. அதன்படி இயற்கை ஓடைகளிலிருந்து பெருவாய்க்கால்களும், அவற்றிலிருந்து மீன்முள் போலச் சாய்வாகக் கிளைவாய்க்கால்களும் வெட்டினார்கள். அலை வந்துபோனது, உப்பு குறைந்தது, வாய்க்கால் சரிவில் நட்டவை பிழைத்தன.

முத்துப்பேட்டையில் மீன் பிடிப்பதற்காக மக்களே சதுப்பில் வாய்க்கால் வெட்டும் வழக்கம் இதற்கு முன்பே இருந்தது. அந்தக் கரைகளில் அலையாத்தி தானாக முளைத்தது. வல்லுநர் கண்டறிந்த தீர்வின் சாயல் மீனவரின் மண்வெட்டியில் இருந்திருக்கிறது. பயன்படுத்துவோரைத் திட்டத்தில் சேர்ப்பதைக் கருணையென்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பிச்சாவர வெற்றியைத் தவறாக வாசிக்கும் ஆபத்தும் உண்டு. அங்கே உமரி வெளி ஒரு நோயின் அறிகுறி. கோடியக்கரையை ஒட்டிய பெரிய வேதாரண்யச் சதுப்பில் அதே வெளி இயற்கை தந்த நிலை. பூநாரைகளும் வலசை வரும் கரைப்பறவைகளும் நாடுவது திறந்த, ஆழமற்ற உவர்நீரை. அச்சதுப்பை உள்ளடக்கிய கோடியக்கரைச் சரணாலயப் பகுதி 2002-இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலத் தலமாக அறிவிக்கப்பட்டதில் இந்த வளத்துக்கும் பங்குண்டு. அங்கே கண்டல் நட்டுக் காடாக்கினால் பறவைக்கு இடம் போகும். கரையோர வீடுகளில் உப்புச் சேர்க்காமல் ஆக்கும் உமரிக்கீரையும் போகும்; கணக்கில் வராத உணவு என்பதால் அதன் இழப்பையும் யாரும் எழுதிவைக்க மாட்டார்கள்.

சட்டமும் மரத்தை மட்டும் காணும் இந்தச் சாய்வுக்கு விலக்கல்ல. 2011-இன் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை உவர்ச் சதுப்பைக் கூருணர்வுப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது நல்ல முன்னேற்றம். ஆனால் 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக்கு அது 50 மீட்டர் காப்பு எல்லை தந்தது. சதுப்புக்கு அப்படி எதையும் குறிப்பிடவில்லை. 2023-இல் ஒன்றிய அரசு அறிவித்த மிஷ்டி திட்டமும் அலையாத்தியை மையமாகக் கொண்டதே. நட்ட நாற்றை எண்ணிக் காட்டலாம். நடாமல் விட்ட வெளியை எந்தப் படிவத்தில் காட்டுவது?

ஆகவே ஊர்த் திட்டத்தின் முதல் வேலை வரைபடம். கடலோர மேலாண்மைத் திட்ட வரைவின் மீது பொதுமக்கள் கருத்துச் சொல்லச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கருத்துக்கு எடை வேண்டுமானால் எந்த ஓடை எந்த மாதம் அடைபடும், எங்கே கீரை பறிப்பார்கள், எங்கே கைவிட்டு இறால் தேடுவார்கள் என்பதெல்லாம் புல வரைபடத்தில் ஏற வேண்டும். வரைபவர் யார் என்பதும் முக்கியம். பிச்சாவரத்தை ஒட்டிய எம்.ஜி.ஆர். நகர் இருளர்கள் சேற்றுநீரில் கையால் தடவி இறாலும் நண்டும் பிடித்தவர்கள். பள்ளி, சான்றிதழ், மீன்பிடி உரிமை மூன்றிலும் பின்தள்ளப்பட்டிருந்த அவர்களை விட்டுவிட்டு, மீனவப் பஞ்சாயத்து ஒப்பினால் ஊர் ஒப்பியது என்று எழுதுவது நேர்மையாகாது. கூட்டு மேலாண்மையின் நற்பெயர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெடுகிறது.

கல்வியும் நாற்று நடும் விழாவோடு நின்றுவிடக் கூடாது. மாணவர் கோடையிலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும் ஒரே குழியில் ஒரு சொட்டு நீரெடுத்து ஒளிவிலகல்மானியில் உப்பைப் பார்க்கட்டும். உமரி எங்கே சிவக்கிறது, எங்கே பச்சையாக நிற்கிறது என்று குறிக்கட்டும். சில ஆண்டுப் பதிவு சேர்ந்தால் அது பயிற்சி என்ற நிலை கடந்து திட்டத்துக்கான ஆவணமாகும்.

இந்தப் பாடம் கடலோரப் பள்ளிகளுக்கு மட்டும் உரியதல்ல. திருவண்ணாமலை மாவட்டத்தின் சாத்தனூரில் 1958 முதல் தேங்கும் தென்பெண்ணை, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. முகத்துவாரத்தில் உப்பு எவ்வளவு என்பதை மேலிருந்து வரும் நன்னீரும் தீர்மானிக்கிறது. நீர்ப்பங்கீடு பேசும் கூட்டங்களில் கழனிக்கும் குடிநீருக்கும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். முகத்துவாரத்துக்காகக் கேட்கும் நாற்காலியை ஆட்சியர் அலுவலகம் அமைந்த வேங்கிக்காலிலேயே போடத் தொடங்கலாம்.