உறுதி

'உறு' என்ற அடியுடன் 'தி' விகுதி சேர்ந்து பிறந்த பெயர்ச்சொல்; தகுதி, மறதி போல. திடம் என்பது இதன் பொதுப்பொருள். நன்மை என்ற பொருளும் உண்டு: அறம், பொருள், இன்பம், வீடு நான்கையும் உறுதிப்பொருள் என்கிறோம்.

இலங்கைத் தமிழில் இதற்கு மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. தமிழ்நாட்டார் பத்திரம் என்பதை அங்கே உறுதி என்பர்: சீதன உறுதி, நன்கொடை உறுதி, ஈட்டு உறுதி. அதை நொத்தாரிசு (நோட்டரி) முன்னிலையில் எழுதி ஒப்பமிடுவது 'உறுதி முடித்தல்'.

இலங்கை உள்நாட்டுப் போரில் வடக்கு, கிழக்கு மக்கள் பலமுறை இடம்பெயர்ந்தபோது உறுதிகள் எரிந்தன, தொலைந்தன. ஆனால் தாள் அழிந்தாலும் உரிமை அழியாது. நொத்தாரிசு ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார். அங்கே சான்றுப்படுத்திய பிரதி பெறலாம். இவ்வழியைச் சொல்லித் தருவதும், வசதியற்றவருக்காக வழக்காடுவதும் சட்ட உதவியின் வேலை. 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இதற்கானது.

உறுதி இருந்தாலும் காணி கைமாற இன்னொரு வழி உண்டு. பிறர் காணியைப் பத்தாண்டு எதிர்ப்பின்றி ஆண்டுவந்தவர் உரிமை கோரலாம் என்பது பழைய சட்டம். போரால் நீதிமன்றம் செல்ல முடியாதவர்களைக் காக்க, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அக்கணக்கில் சேர்க்காமல் விட 2016 இல் தனிச்சட்டம் வந்தது. இத்தகைய சட்டங்கள் உரியவரின் காதுக்கு உரிய காலத்தில் எட்டினால்தான் பயன். எட்டச் செய்வது அரசின் கடமை.