பூஞ்சைகளின் இனப்பெருக்கம்

பூஞ்சைகள் பெரும்பாலும் ஸ்போர்கள் எனப்படும் நுண்ணிய வித்துகளால் பெருகுகின்றன. இவற்றுக்குப் பூ, மகரந்தம், விதை எதுவும் கிடையாது. நாம் பறிக்கும் காளான், மண்ணுக்கடியிலோ மட்கிய மரத்துக்குள்ளோ பரவிக் கிடக்கும் இழைப்பின்னல் தன் ஸ்போர்களைக் காற்றில் விடுவதற்காக வெளியே எழுப்பும் உறுப்பு மட்டுமே.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று பண்டைய ரோமிலும் நம்பினார்கள், நம் ஊர்களிலும் நம்புகிறார்கள். ஆனால் இத்தாலியத் தாவரவியலாளர் பியர் அந்தோனியோ மிக்கேலி, பூஞ்சைத் தூளை முலாம்பழத் துண்டுகளில் தூவிப் பார்த்தார். எதைத் தூவினாரோ அதுவே முளைத்தது. 1729-இல் இதை நூலாக வெளியிட்டார். அத்தனை தெளிவான சோதனைக்குப் பிறகும் குழப்பம் தீரவில்லை. வகைப்பாட்டியலாளர் லின்னேயஸே 1767-இல் பூஞ்சை வித்துகளை ‘கேயாஸ்’ என்ற பேரினத்தில், புழுக்களோடு சேர்த்தார். மிக்கேலியும் ஸ்போரை விதையாகவே கருதினார். ஆனால் விதைக்குள் கருமுளை உண்டு. ஸ்போர் பெரும்பாலும் ஒரே செல்தான்.

1904-இல் அமெரிக்கர் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ, ரொட்டியில் படரும் பூஞ்சையில் இரு பாலினங்கள் இருப்பதைக் கண்டார். தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. ஆண், பெண் என்று பிரிக்க வழியில்லாததால் கூட்டல், கழித்தல் குறிகளை இட்டார். முதல் உலகப் போர்க் காலத்தில் பூஞ்சை ஆய்வாளர்களான மத்தில்டே பென்சவுதேயும் ஜெர்மனியில் ஹான்ஸ் க்னீப்பும் காளான் வகைகளிலும் பொருந்தும் இரு இழைகள் இணைய வேண்டும் என்று தனித்தனியே காட்டினர்.

தாவரங்களிலிருந்து பூஞ்சைகள் மிக ஆழமாக விலகுவது இந்த இணைவில்தான். பூக்கும் தாவரத்தில் கருவுற்றதும் இரு உட்கருக்களும் ஒன்றாகிக் கருமுளை வளரத் தொடங்கும். காளானிலோ இழைகள் இணைந்த பின்னும் உட்கருக்கள் கலப்பதில்லை. ஒவ்வொரு செல்லிலும் ஜோடியாகவே இருந்து, சில இனங்களில் ஆண்டுக்கணக்கில் அப்படியே பெருகுகின்றன. குடைக்கடியில் உள்ள செவுள்களில்தான் அவை ஒன்றாகின்றன. உடனே குன்றல் பிரிவு நிகழ்ந்து ஸ்போர்கள் பிறக்கின்றன. இணையும் வகைகளும் எப்போதும் இரண்டோடு நிற்பதில்லை: பட்ட மரங்களில் வளரும் ஸ்கிசோஃபில்லம் என்ற சிறு காளானில் 20,000-க்கும் மேற்பட்ட இணைவு வகைகள் உண்டு.

பெனிசிலியம் போன்றவை இணைவே இல்லாமலும் ஏராளமான ஸ்போர்களை உதிர்க்கின்றன. இத்தகைய பூஞ்சைகளை, ஸ்போர் உருவாகும் விதத்தைக் கொண்டு வகைப்படுத்தியவர்களுள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி.வி. சுப்பிரமணியன் முக்கியமானவர். பாலினப் பருவத்தையும் பாலிலாப் பருவத்தையும் வேறு இனங்களாக எண்ணி ஒரே பூஞ்சைக்கு இரு பெயர்கள் இட்ட வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 2011-இல் மெல்போர்னில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு அதை நீக்கியது.

உயிரியலாளர் விட்டேக்கர் 1969-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் பூஞ்சைகள் தனி உலகமாக இருந்தன. பின்னர் வந்த மரபணு ஆய்வுகள், இவை தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு என்று காட்டின. ஆயினும் பூஞ்சைகளுக்குப் பெயரிடும் விதிகள் இன்றும் தாவரங்களுக்கும் பொதுவான தொகுப்பில்தான் உள்ளன.