லவாய்சியர் அம்மையார்

லவாய்சியர் அம்மையார், மரி ஆன் பால்ஸ் (1758–1836): நவீன ரசாயன சாஸ்திரத்தின் பிதா எனப் போற்றப்படும் பிரெஞ்சு விஞ்ஞானி அந்துவான் லவாய்சியரின் மனைவி, அவருடைய ஆராய்ச்சிகளுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் பதிவாளராகவும் சித்திரக்காரராகவும் விளங்கியவர். மோம்பிரிஸோன் நகரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்து, கன்னிமாடத்தில் வளர்ந்த இவரை வயது முதிர்ந்த பிரபு ஒருவர் மணக்க விரும்பியபோது, அரசாங்கத்துக்காக வரி வசூலித்து வந்த குத்தகைக் கம்பெனியில் செல்வாக்கு மிக்கவரான தந்தை ழாக் பால்ஸ், அந்தச் சம்பந்தத்தைத் தவிர்க்கும் பொருட்டு, அதே கம்பெனியில் பங்கு கொண்டிருந்த லவாய்சியருக்கு 1771 டிசம்பரில் இவரை மணம் முடித்து வைத்தார். மணமகளுக்கு அப்போது வயது 13, மணமகனுக்கு 28.

1775-இல் லவாய்சியர் அரசாங்க வெடிமருந்து நிர்வாகத்தில் நியமனம் பெற்று, பாரிஸ் ஆயுதச்சாலையில் குடியேறி, அங்கேயே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தையும் அமைத்துக் கொண்டார். உத்தியோக அலுவல்களுக்கு முன்னும் பின்னுமாக, காலை 6 முதல் 9 வரையிலும் இரவு 7 முதல் 10 வரையிலும் அவர் சோதனைகளில் ஈடுபட்டார். வாரத்தில் ஒரு நாள் முழுதும் அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்வேளைகளில் தராசு காட்டிய எடைகளையும் வாயுக்களின் அளவுகளையும் குறிப்பேடுகளில் எழுதியவர் பெரும்பாலும் அம்மையாரே.

வாயுக்களைப் பற்றிய ஆராய்ச்சி அக்காலத்தில் பெரிதும் பிரீஸ்ட்லி, கேவண்டிஷ் முதலிய ஆங்கிலேயரின் கையில் இருந்தது. லவாய்சியருக்கோ ஆங்கிலம் தெரியாது. அம்மையார் அம்மொழியைக் கற்று, அவர்களுடைய எழுத்துக்களைக் கணவருக்குப் பிரெஞ்சில் ஆக்கித் தந்தார். எரியும் பொருளிலிருந்து புளோஜிஸ்டன் என்னும் ஒரு தத்துவம் வெளியேறுகிறது என்று பழைய ரசாயனிகள் நம்பி வந்த கொள்கையை ஆதரித்து ரிச்சர்டு கிர்வன் 1787-இல் வெளியிட்ட நூலை, அதன் ஒவ்வொரு பகுதியையும் லவாய்சியரும் அவருடைய நண்பர்களும் கண்டித்து எழுதிய மறுப்புக்களோடு சேர்த்து, 1788-இல் பிரெஞ்சில் வெளிவரச் செய்தது இவருடைய மொழிபெயர்ப்பே. அதில் இவர் தாமாகவே சேர்த்த குறிப்புக்களும் உண்டு. எனினும் மொழிபெயர்த்தவர் பெயர் நூலின் முகப்பில் இடம்பெறவில்லை. சில ஆண்டுகளுக்குள் கிர்வனே தம் கொள்கையைக் கைவிட்டார் என்பது இம்முயற்சியின் பலனை ஒருவாறு காட்டும்.

1789-இல் வெளியான லவாய்சியரின் ரசாயன நூலுக்கு அம்மையார் வரைந்த 13 சித்திரத் தகடுகளே இவருடைய பணிகளில் தலையாயவை. ழாக் லூயி தாவீது என்னும் ஓவியரிடம் பயின்ற இவர், கருவிகளைக் கட்டம் போட்ட தாளில் அளவு பிசகாமல் எழுதி, செப்புத் தகட்டில் ஏற்றி, சோதனை அச்சுக்களைத் தாமே திருத்தினார். பாதரசத்தை இடைவிடாமல் 12 நாள் காய்ச்சி, அது காற்றின் ஒரு பகுதியை உட்கொண்டு செந்நிறத் தூளாவதைக் காட்டும் பிரசித்தமான சோதனைக்குரிய படத்தில், அடுப்பின்மேல் அமர்ந்த குடுவையின் நீண்ட கழுத்து எவ்விடத்தில் வளைகிறது, அதன் நுனி பாதரசத் தொட்டியில் கவிழ்த்த கண்ணாடி மூடிக்குள் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பனவெல்லாம் ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். ஆராய்ச்சிக்கூடத்தைக் கண்ணால் காணாத வெளியூர் ரசாயனி ஒருவர் அதே கருவியைச் செய்வித்து அதே சோதனையைத் தாமும் நிகழ்த்திப் பார்க்க வேண்டுமானால், ஆசிரியரின் வசனம் எவ்வளவு தெளிவாயிருப்பினும் அது மட்டும் போதாது. புதிய ரசாயனம் ஐரோப்பா எங்கும் பரவியதில் இப்படங்களுக்குரிய பங்கு சிறிதன்று. தகடுகளின் ஓரத்தில் 'பால்ஸ் லவாய்சியர் செதுக்கியது' என்ற கையொப்பம் லத்தீனில் பொடி எழுத்தில் காணப்படுகிறது.

எரியும் பொருள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்கிறது என்னும் லவாய்சியரின் கொள்கையே இவருடையது என்று பிற்காலத்தார் சிலர் புகல்வதற்கு ஆதாரம் இல்லை. ஆயினும் கணவருக்குக் கை உதவி செய்த இல்லாள் என்று ஒரு வரியில் முடித்துவிடும் வழக்கம் அதைவிடப் பெரிய தவறு. தாவீது 1788-இல் தீட்டிய, இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் உள்ள தம்பதியர் ஓவியத்தில், அம்மையாரின் வெண்ணிற உடையையும் மேஜைமேல் உள்ள கண்ணாடிக் கருவிகளையும் வியப்போர், அவருக்குப் பின்னால் நாற்காலியின்மேல் கிடக்கும் சித்திரக் கோப்பைக் கவனிப்பதில்லை. சுவாசத்தைப் பற்றிய சோதனைகளை அம்மையார் தாமே வரைந்த படங்களிலோ, ஒரு புறத்தில் மேஜையருகே எழுதுகோலும் கையுமாக அவர் உட்கார்ந்திருக்கிறார்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது வரிக் குத்தகைதாரர்கள் கைது செய்யப்பட்டு, 1794 மே 8 அன்று கணவரும் தந்தையும் ஒரே நாளில் கில்லட்டினுக்கு இரையாயினர். அம்மையாரும் சில காலம் சிறையிருந்தார். பறிமுதலான நூல்களையும் கருவிகளையும் பின்னர்ப் போராடி மீட்டு, கணவர் முற்றுப்பெறாமல் விட்டுச்சென்ற ரசாயனக் கட்டுரைகளை இரண்டு தொகுதிகளாக்கி 1805-இல் அறிஞர்களுக்கு வழங்கினார். புதிய ரசாயனம் லவாய்சியருக்கே உரியது என்று வற்புறுத்தும் முன்னுரையை எழுதிய இவர், அதன் கீழும் தம் பெயரை இடவில்லை. அதே ஆண்டில் ரம்ஃபோர்டு பிரபு என்னும் விஞ்ஞானியை மறுமணம் செய்து கொண்டபோதும், லவாய்சியர் என்ற பெயரை விட்டுக்கொடுக்க இசையவில்லை. அம்மணம் 1809-இல் முறிந்தது. பாரிஸில் தம் இல்லத்தை அறிஞர்கள் கூடும் சபையாக நெடுங்காலம் நடத்தி வந்த அம்மையார், 1836 பிப்ரவரி 10 அன்று அந்நகரிலேயே காலமானார்.