பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் கணினிகள்

பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் கணினிகள் என்பவை, புவியிலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் சுற்றிவரும் அந்நிலையத்தின் மின்சாரம், காற்று, வெப்பநிலை, திசைநிலை ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் கணினிகள் ஆகும். நிலையத்தின் முதற்பகுதியான சார்யா 1998 நவம்பர் 20 அன்று ஏவப்பட்டது. 2000 நவம்பர் 2 முதல் அங்கு மனிதர்கள் இடைவிடாது வாழ்ந்து வருகின்றனர். எனவே, இக்கணினிகள் அனைத்தையும் ஒருசேர நிறுத்திவிட்டுப் புதியவற்றைப் பொருத்த இயலாது. நிலையம் இயங்கிக் கொண்டிருக்கும்போதே அவற்றின் பகுதிகள் ஒவ்வொன்றாக மாற்றப்படுகின்றன.

அமைப்பு

அமெரிக்கப் பகுதியின் முதன்மைக் கணினிகள் மல்டிபிளெக்சர்-டிமல்டிபிளெக்சர், சுருக்கமாக எம்.டி.எம்., எனப்படுகின்றன. இவை திரையோ விசைப்பலகையோ இல்லாத பெட்டிகள். 1980களில் வெளிவந்த இன்டெல் 80386 வகைச் செயலிகளைக் கொண்டு இவை உருவாக்கப்பட்டன. இவை மூன்று படிநிலைகளில் அமைந்துள்ளன. கீழ்ப்படியில் உள்ளவை உணரிகளுடனும் கருவிகளுடனும் நேரடியாக இணைந்தவை. மேற்படியில் மூன்று கட்டளைக் கணினிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று பணியாற்ற, மற்றவை மாற்றாக இருக்கும். விண்வெளி வீரர்கள் மடிக்கணினிகள் மூலம் இவற்றிற்குக் கட்டளை இடுகின்றனர்.

ரஷ்யப் பகுதியின் முக்கியக் கணினிகள் ஐரோப்பிய விண்வெளி முகமையால் வழங்கப்பட்டவை. அவை மும்மூன்றாக இயங்குகின்றன. மூன்றில் ஒன்று தவறினாலும் பணி தடைப்படாமல் இருப்பதே இதன் நோக்கம்.

மாற்றுவதில் உள்ள இடர்ப்பாடுகள்

விண்வெளிக் கதிர்வீச்சின் துகள் ஒன்று நினைவகத்தில் பட்டால் 0 என்பது 1 ஆகவோ, 1 என்பது 0 ஆகவோ மாறிவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு செயலியும் நீண்ட சோதனைகளுக்கு உட்படுத்தப்படுகிறது. சோதனை முடிந்து விண்ணுக்குச் செல்லும்போதே அது பழைய செயலியாகி விடுகிறது. ஈர்ப்பு உணரப்படாத சூழலில் வெப்பக்காற்று தானாக மேலெழாது என்பதால், குளிர்விக்கும் முறையும் தனியாக வடிவமைக்கப்பட வேண்டும். மேலும், மென்பொருள், தரையிலுள்ள சோதனைக் கருவிகள், வீரர்களின் பயிற்சி ஆகிய அனைத்தும் பழைய பெட்டியை ஒட்டியே அமைந்துள்ளன. ஒரு பெட்டியை மாற்றினால் இவை யாவற்றையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

குறிப்பிடத்தக்க பழுதுகள்

2001 ஏப்ரலில் எண்டெவர் விண்ணோடம் நிலையத்துடன் இணைந்திருந்தபோது மூன்று கட்டளைக் கணினிகளும் பழுதடைந்தன. தரைக்கட்டுப்பாட்டு மையம் எண்டெவர் வழியாகவே வீரர்களுடன் தொடர்பு கொண்டது. வன்தட்டுகளின் கோளாறு இதில் கண்டறியப்பட்டது. பின்னர் அவற்றிற்குப் பதிலாக, அசையும் பாகங்கள் இல்லாத நினைவகங்கள் பொருத்தப்பட்டன.

2007 ஜூனில் ரஷ்யப் பகுதியின் கணினிகள் செயலிழந்தன. அப்போது இணைந்திருந்த அட்லாண்டிஸ் விண்ணோடத்தின் உந்துபொறிகள் நிலையத்தின் திசைநிலையைப் பேண உதவின. ஈரம் படிந்ததால் ஏற்பட்ட அரிப்பு காரணமாக, மூன்று கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் மின்நிறுத்தக் கட்டளை சென்றது பின்னர் தெரியவந்தது. மாற்றுக் கணினிகள் பல இருந்தும், அவை பொதுவான ஓர் இணைப்பைச் சார்ந்திருந்ததால் பயனளிக்கவில்லை. வீரர்கள் அவ்விணைப்பைத் தவிர்த்து வேறு கம்பி பொருத்திக் கணினிகளை மீட்டனர்.

வெளிப்புறப் பெட்டிகள்

சில எம்.டி.எம். பெட்டிகள் நிலையத்திற்கு வெளியே உள்ளன. அவற்றை மாற்ற விண்நடை தேவை. 2014 ஏப்ரல் 11 அன்று பழுதடைந்த ஒரு மாற்றுப் பெட்டியை, ஏப்ரல் 23 அன்று ரிக் மாஸ்ட்ராக்கியோ, ஸ்டீவ் ஸ்வான்சன் ஆகியோர் மாற்றினர். 2017 மார்ச்சில் பொருத்தப்பட்ட மேம்படுத்தப்பட்ட பெட்டி ஒன்று மே 20 அன்றே பழுதடைந்தது. மூன்று நாட்களில் பெக்கி விட்சன், ஜாக் ஃபிஷர் ஆகியோர் விண்நடை மேற்கொண்டு அதனை மாற்றினர். புதிய கருவி பழையதைவிட நம்பகமானதாகவே இருக்கும் என்று கொள்ள முடியாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மடிக்கணினிகள்

மடிக்கணினிகளை மாற்றுவது ஒப்பீட்டளவில் எளிது. 2008 இல் இவற்றுள் சிலவற்றில் கணினி நச்சுநிரல் கண்டறியப்பட்டது. நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பை அது பாதிக்கவில்லை. 2013 இல் பல மடிக்கணினிகள் விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்திலிருந்து டெபியன் லினக்சுக்கு மாற்றப்பட்டன.

எதிர்காலம்

2030 வரை நிலையத்தை இயக்க நாசா திட்டமிட்டது. அதனைப் பாதுகாப்பாகக் கீழிறக்கும் விண்கலத்தை உருவாக்க 2024 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் தெரிவு செய்யப்பட்டது. அதுவரை இக்கணினிகள் பகுதி பகுதியாகவே புதுப்பிக்கப்பட வேண்டியிருக்கும்.